கடல் பெரிய மீனுக்கு ரீலும் லைனும்: தப்பா வாங்கி, காசைக் கரைச்சுக் கத்துக்கிட்டது

என்னோட முதல் பெரிய ரீலை நான் எப்படி வாங்குனேன்னா, பெட்டி மேல "அதிகபட்ச டிராக் 25 கிலோ"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு, அவ்ளோதான், வாங்கிட்டேன். மாட்டுன முதல் உருப்படியான சூரை நேரா கீழ இறங்கி ஓட ஆரம்பிச்சதும் ஸ்பூல்ல லைன் குறைஞ்சுக்கிட்டே வருது, அடில சுத்துன பேக்கிங் நரம்போட நிறம் லேசா தெரிய ஆரம்பிச்சதும் பயத்துல டிராக் நாபை, அதாவது ரீலோட பிரேக்கை இறுக்கற திருகை, இன்னொரு அரைச் சுத்து இறுக்குனேன். போட் ஓட்டுன அண்ணன் "தம்பி, இறுக்காத, விடு விடு"ன்னு கத்தி முடிக்கறதுக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம், ராடு நிமிந்துருச்சு. லைனைச் சுத்தி எடுத்துப் பாத்தா முனை பஞ்சு மாதிரி பிரிஞ்சு கெடக்கு, முடிச்சு கூட அவுரல, லைனே நடுவுல அறுந்திருக்கு.

அப்புறம்தான் தெரிஞ்சுது, நான் வாங்குன வரிசையே தலைகீழ்னு. ரீலை முதல்ல வாங்கி, அதுக்கு ஏத்த லைன் தேடி, கடைசியா என்ன மீன் பிடிக்கலாம்னு யோசிச்சேன். மீன், அதுக்கு எவ்ளோ டிராக், அதுக்கு எந்த லைன், அந்த லைன் கொள்ற ரீல் எது, இப்படித்தான் போகணும். கீழ அந்த வரிசைல எழுதிருக்கேன்.

1. எந்த மீன், எந்த முறை: இதை முதல்ல முடிவு பண்ணுங்க

"பெரிய மீன்"னு மட்டும் சொல்லிட்டு கடைக்குப் போகாதீங்க, எதையாவது தலைல கட்டிருவாங்க. பிடிக்கற முறை மாறுனா ரீலே மாறும். போட் ஓடிக்கிட்டே இருக்க இரையைப் பின்னாடி இழுத்துட்டுப் போறது டிரோலிங். தூரமா வீசி, பாப்பர்ங்கற மிதக்கற போலி இரையை மேல்தண்ணில அடிச்சு இழுக்கறது பாப்பிங், பெரிய பாறை மீன், அதாவது ஜிடி (ஜயன்ட் டிரெவல்லி) பிடிக்கறவங்க முக்கியமா இதுதான் பண்றாங்க. இரும்பு, ஈயத்துல செஞ்ச போலி இரையான ஜிக்கை அடி வரைக்கும் இறக்கி ஏத்தறது ஜிக்கிங்.

என் கணக்குல தோராயமா இப்படி வச்சுக்கலாம். வஞ்சிரம், மயில்மீன் மாதிரி வேகமா ஓடற ஆனா ரொம்ப முரட்டுத்தனம் இல்லாததுக்கு டிரோலிங்னா 30 பவுண்டு லைன், 30 சைஸ் கன்வென்ஷனல் (ராடு மேல உக்காந்து சுத்தற) ரீல் போதும், வீசிப் பிடிக்கறதுன்னா பிஇ 3, பிஇ 4 லைன் (பிஇன்னா பின்னல் லைனோட தடிமன் நம்பர்) கொள்ற 8000 சைஸ் ஸ்பின்னிங், அதாவது ராடுக்குக் கீழ தொங்கற ரீல். 20ல இருந்து 50 கிலோ வரைக்கும் மஞ்சள் துடுப்பு சூரைன்னா பிஇ 5, பிஇ 6ஓட 14000 சைஸ் ஸ்பின்னிங், இல்ல 50 சைஸ் ரெண்டு ஸ்பீடு டிரோலிங் ரீல். பவளப்பாறை ஓரம் ஜிடிக்குன்னா பிஇ 8, பிஇ 10, 18000 இல்ல 20000 சைஸ், ஏன்னா அது பாறைக்குள்ள போறதுக்கு முன்னாடி நிறுத்தியாகணும், ஓட விட்டு விளையாட நேரமே கிடையாது. பெரிய மார்லின்னா 80, 130 சைஸ், அதுக்கு பெரும்பாலும் சண்டை நாற்காலியும் (உக்காந்து மீனோட மல்லுக்கட்டற நாற்காலி) பழகுன ஆளுங்க இருக்கற போட்டும் வேணும், புதுசா வர்றவங்க அதுக்கு சொந்தமா வாங்க அவசரப்படாதீங்க.

2. டிராக் கணக்கு

டிராக்னா மீன் இழுக்கறப்ப லைன் அறுந்துடாம ஸ்பூலை வழுக்கிக் குடுக்கற பிரேக். லைனோட பலத்துல நாலுல ஒண்ணுல இருந்து மூணுல ஒண்ணு வரைக்கும் டிராக் வைக்கறதுதான் வழக்கம். 80 பவுண்டு லைன்னா சுமார் 36 கிலோ பலம், அப்ப டிராக் 9ல இருந்து 12 கிலோ. "அவ்ளோதானா?"ன்னு தோணும். ஒரு தடவை ராடை வளைச்சுப் பிடிச்சு 12 கிலோ டிராக்ல பத்து நிமிஷம் நின்னு பாருங்க, முதுகும் முன்னங்கையும் சொல்லும். பெட்டில போட்ட 25 கிலோ எனக்கு எதுக்குமே உதவல, ஏன்னா அந்த இழுப்பை ஆடற போட்ல நின்னுக்கிட்டு பிடிச்சு நிறுத்த என்னால முடியாது, பிடிச்சா நான்தான் தண்ணிக்குள்ள போவேன்.

அப்ப பெட்டில எந்த நம்பரைப் பாக்கறது? அதிகபட்சத்தை விட, உங்களுக்கு வேண்டிய 10, 12 கிலோல அரை மணி நேரம் லைன் ஓடுனாலும் விக்காம, திக்காம, சூடேறி இறுகாம குடுக்குதான்னு பாருங்க. டிராக் வாஷர் கார்பன் ஃபைபரா ஃபெல்ட்டான்னு கேளுங்க, கனமான வேலைக்கு கார்பன்தான் சூடு தாங்கும்.

இப்ப நான் அறுத்துக்கிட்ட கதைக்கு வர்றேன். ஸ்பூல் நிறைய லைன் இருக்கறப்ப 10 கிலோன்னு டிராக் வச்சா, லைன் ஓடி ஓடி ஸ்பூல்ல மிச்சம் இருக்கற சுத்தோட விட்டம் பாதி ஆகிட்டா, நீங்க நாபைத் தொடவே இல்லன்னாலும் அதே டிராக் 20 கிலோவா மாறிடும். பிரேக் அதேதான், ஆனா லைன் இழுக்கற இடம் நடு அச்சுக்குக் கிட்ட வந்துருச்சு, ஸ்பானரை முனைல பிடிக்காம நட்டுக்குக் கிட்ட பிடிச்சுத் திருப்புனா எவ்ளோ பலம் வேணும், அதே மாதிரி. இதுக்கு மேல, வெளிய போன 200 மீட்டர் லைன் தண்ணிக்குள்ள வளைஞ்சு கெடக்குதே, அந்தத் தண்ணி இழுப்பும் சேரும். இதுல நான் வேற நாபை இறுக்குனேன்னா லைன் பாவம் என்ன பண்ணும். மீன் ரொம்ப தூரம் ஓடிட்டா டிராக்கைக் கொஞ்சம் தளத்தணும், இறுக்கக் கூடாது. ஒரு டிரிப்போட முழுச் செலவையும் முழுங்குன பாடம் இது.

3. ரீல்: ஸ்பின்னிங்கா கன்வென்ஷனலா

வீசிப் பிடிக்கப் போறீங்கன்னா ஸ்பின்னிங், யோசிக்கவே வேணாம். டிரோலிங், உயிர் இரை, ஆழத்துல இறக்கறதுன்னா கன்வென்ஷனல், அதாவது ராடு மேல உக்காந்து சுத்தற ரீல். அதுல ரெண்டு வகை. ஸ்டார் டிராக்னா கைப்பிடி பக்கத்துல நட்சத்திர வடிவ வீல் இருக்கும், விலை குறைவு, ரிப்பேர் சுலபம், ஆனா மீன் ஓடறப்ப எவ்ளோ இறுக்குனோம்னு நம்பிக்கையா சொல்ல முடியாது. லீவர் டிராக்ல ஒரு லீவரைத் தள்றது, ஃப்ரீ, ஸ்ட்ரைக், ஃபுல்னு இடம் குறிச்சிருக்கும், ஸ்ட்ரைக்ல எவ்ளோ கிலோன்னு முன்னாடியே அளந்து வச்சுக்கலாம். பெரிய மீனுக்கு லீவர் டிராக்தான் என் ஓட்டு.

ரெண்டு ஸ்பீடு இருந்தா கூடுதல் காசு குடுத்து வாங்குங்க, இதுல கஞ்சத்தனம் பண்ணி நான் வருத்தப்பட்டிருக்கேன். மீன் கிட்ட வர்றப்ப வேகமா சுத்த ஒரு கியர், சூரை போட்டுக்கு நேர் கீழ வட்டம் போட்டுக்கிட்டு நகரவே மாட்டேன்னு நிக்கறப்ப ஒரு பட்டனை அமுக்குனா மெதுவான கியர், அங்குலம் அங்குலமா ஏத்தலாம். ஸ்பின்னிங்ல இந்த வசதி கிடையாது, அதனால கியர் விகிதம் (கைப்பிடி ஒரு சுத்துக்கு லைனைச் சுத்தற பாகம் எத்தனை சுத்து சுத்தும்ங்கறது) பாத்து வாங்கணும்: பாப்பிங்குக்கு 6க்கு மேல இருந்தா தளர்ந்த லைனைச் சட்டுன்னு சுத்தலாம், கனமான ஜிக்கிங்குக்கு 4.5, 5 பக்கம் இருந்தா கை தாங்கும்.

சைஸ் நம்பர்ல ஏமாறாதீங்க. ஒரு கம்பெனி நம்பரும் இன்னொரு கம்பெனி நம்பரும் ஒண்ணு இல்ல. பென்னோட 10500ஐயும் ஷிமானோவோட 10000ஐயும் பக்கத்துல வச்சா ஏதோ அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எந்த பிஇ லைன் எத்தனை மீட்டர் கொள்ளும்னு ஸ்பூல் மேலயோ பெட்டிலயோ எழுதிருக்கும், அதை மட்டும் ஒப்பிடுங்க.

இன்னொண்ணு, ஸ்பின்னிங் ரீல்ல மீன் லைனை இழுத்துக்கிட்டு ஓடறப்ப கைப்பிடியைச் சுத்தாதீங்க. லைன் உள்ள வராது, முறுக்குதான் ஏறும், ஒரு சுத்துக்கு கியர் விகிதம் எத்தனையோ அத்தனை முறுக்கு. அடுத்த வீச்சுல குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கிட்டு நிக்கும். மீன் ஓடுதா, கையை எடுத்துட்டு சும்மா நில்லுங்க.

4. லைன்: தங்கூஸா பிரெய்டா

தங்கூஸ்னு சொல்ற நைலான் மோனோ, இழுத்தா 20 சதவீதத்துக்கு மேலயே நீளும். டிரோலிங்ல மீன் அடிக்கற அந்த முதல் அடியை அது ரப்பர் மாதிரி வாங்கிக்கும், விலையும் குறைவு, ஆனா தடிமன், அதனால ஸ்பூல் பெருசா வேணும். வெயில்ல கெடந்தா வலுவிழக்கும், சீசனுக்கு ஒரு தடவை மாத்திடணும்.

பிரெய்டு, அதாவது பிஇ, அநேகமா நீளவே நீளாது, மெல்லிசு, அதே பலத்துக்கு ரெண்டு மூணு மடங்கு நீளம் ஸ்பூல்ல ஏறும். வீசறதுக்கும் ஜிக்கிங்குக்கும் இதுதான். குறை என்னன்னா பாறைல, போட் விளிம்புல ஒரு உரசு உரசுனா போச்சு, அதோட கையை அறுத்துடும். க்ளவுஸ் இல்லாம ஓடற பிரெய்டைத் தொடாதீங்க, எந்த லைனையும் கையில சுத்திப் பிடிக்கவே பிடிக்காதீங்க.

பிஇ நம்பர் தடிமனைச் சொல்றது, பலத்தை இல்ல. பிஇ 1ன்னா சுமார் 0.165 மி.மீ. விட்டம், பிஇ 4ன்னா அதுல ரெண்டு மடங்கு, 0.33. ஒரே பிஇ 6ல ஒரு கம்பெனி 70 பவுண்டுன்னு போடும், இன்னொண்ணு 90ன்னு போடும், ரெண்டையும் படிச்சு வாங்குங்க. தடிமன் நிஜமா இருக்கான்னு ஒரு மைக்ரோமீட்டர்ல பாத்தா மலிவு லைனோட வண்டவாளம் தெரிஞ்சுரும், பிஇ 4ன்னு ஒட்டியிருந்த ஒண்ணு என் கைல பிஇ 6 தடிமன் காட்டுச்சு.

நம்பர் லைனோட குறுக்குவெட்டுப் பரப்புக்கு ஏத்தபடி ஏறறதால ஒரு சௌகரியம் இருக்கு, கொள்ளளவு கணக்கு மனசுலயே போட்டுடலாம். ஸ்பூல் மேல பிஇ 6, 300 மீட்டர்னு இருந்தா 6ஐ 300ஆல பெருக்குங்க, 1800. பிஇ 8 சுத்தணும்னா 1800ஐ 8ஆல வகுங்க, 225 மீட்டர். பிஇ 10ன்னா 180 மீட்டர்தான். திறந்த கடல்ல சூரைக்கு 300 மீட்டருக்குக் குறையாம வச்சுக்கறது நல்லது, அப்ப இந்த ரீல்ல பிஇ 8 வேலைக்கு ஆகாதுன்னு கடைல நிக்கறப்பவே தெரிஞ்சுடும். ஜிடிக்குன்னா 200, 250 மீட்டர் போதும்.

எத்தனை இழைங்கறதும் பாக்கணும். 8 இழை வழவழன்னு வளையத்துல சத்தமில்லாம ஓடும், வீச நல்லது. 4 இழை கரகரன்னு இருக்கும், ஆனா உரசலுக்குக் கொஞ்சம் கூட தாங்கும், விலையும் குறைவு. ஜிக்கிங்குக்குப் பல நிறத்துல வர்றதை வாங்குங்க, 10 மீட்டருக்கு ஒரு நிறம் மாறும், ஜிக் எவ்ளோ ஆழத்துல இருக்குன்னு எண்ணிடலாம்.

பெரிய டிரோலிங் ரீலை முழுசா பிரெய்டால நிரப்பணும்னு இல்ல, அது வேண்டாத செலவு. அடில பிரெய்டு, மேல 100 மீட்டர் வாக்குல மோனோ. பிரெய்டு நீளத்துக்கு, மோனோ அடி வாங்கறதுக்கு. மேல இருக்கற மோனோவை மட்டும் அடிக்கடி மாத்துனா போதும்.

5. லீடர்

லீடர்னா லைன் முனைக்கும் கொக்கிக்கும் நடுவுல சேக்கற தனித் துண்டு. ஃப்ளூரோகார்பன் தண்ணில கண்ணுக்குத் தெரியறது கொஞ்சம் குறைவு, கனமானது, உரசல் தாங்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி. கண்ணு கூர்மையான சூரைக்கு அது சரி. ஜிடி பாப்பிங்குக்கு தடியான நைலானே நல்லா வேலை செய்யுது, காசு மிச்சம். வஞ்சிரம் மாதிரி பல்லு உள்ளதுக்கு கம்பி லீடர். பிரெய்டையும் லீடரையும் சேக்க எஃப்ஜி முடிச்சு ஒண்ணை மட்டும் கத்துக்கங்க, மெல்லிசா வளையத்துல தட்டாம போகும். வீட்ல உக்காந்து இருபது முப்பது தடவை போட்டு, ஒரு கொக்கில மாட்டி இழுத்துப் பாருங்க. ஆடற போட்ல முதல் தடவை போடலாம்னு நெனைச்சா நடக்காது.

6. செலவு எங்க ஓடும்

ரீல் விலையைப் பாத்துட்டு பட்ஜெட் முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. ரீலுக்கு ஒதுக்குன காசுல கால்வாசி லைனுக்கும் லீடருக்கும் தனியா வைங்க. நல்ல ரீல்ல மட்டமான லைன் போடறதை விட நடுத்தர ரீல்ல நல்ல லைன் போடறது மேல். ராடு வச்சிருக்கீங்கன்னா அதுல எழுதிருக்கற பிஇ அளவைப் பாருங்க, பிஇ 3 ராடுல பிஇ 8 லைன் போட்டு டிராக் ஏத்துனா முதல்ல உடையறது ராடுதான். அப்புறம் க்ளவுஸ், இடுப்பு பெல்ட், தராசு, இதெல்லாம் சில்லறைன்னு தோணும், கூட்டுனா சில்லறை இல்ல.

பழசு வாங்கறது தப்பே இல்ல, கன்வென்ஷனல்ல நல்லா கெடைக்கும். கைப்பிடியைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, மெதுவா சுத்தறப்ப மணல் மாதிரி கரகரன்னு இருந்தா பேரிங் போச்சு. டிராக்கைப் பாதி இறுக்கி கையால லைனை இழுங்க, விக்கி விக்கி வந்தா வாஷர் போச்சு. வாஷர் மாத்தறது சின்ன செலவு, உள்ள உப்பு ஏறி அரிச்சிருந்தா வாங்காதீங்க.

7. வாங்கற பேப்பருங்க

பில், சீரியல் நம்பர் எழுதுன வாரன்டி கார்டு, உதிரி பாகப் படம். இந்த மூணாவதை எல்லாரும் தூக்கிப் போட்டுடுவாங்க, ஒவ்வொரு பாகத்துக்கும் நம்பர் இருக்கற அந்தத் தாள் இல்லாம பின்னாடி ஒரு ஸ்ப்ரிங் வாங்கறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா வாரன்டி உங்க ஊர்ல செல்லுமான்னு காசு கட்டறதுக்கு முன்னாடி எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க. எனக்கு வித்தவர் "எல்லாம் செல்லும்"னு வாயால சொன்னாரு, கிளிக் கிளிக்னு சத்தம் வந்து கொண்டுபோனப்ப செல்லாதுன்னு அதே வாயால சொன்னாரு.

ரெக்கார்டு ஆசை இருந்தா ஐஜிஎஃப்ஏ (தூண்டில் மீன்பிடி உலக ரெக்கார்டுகளை வச்சிருக்கற அமைப்பு) விதியை லைன் வாங்கறதுக்கு முன்னாடியே படிங்க. அவங்க லைன் வகுப்பு 30 பவுண்டு, 50, 80, 130ன்னு போகுது, 130க்கு மேல லைன் வகுப்பு ரெக்கார்டு கிடையாது. சாதாரண 30 பவுண்டு லைன் நிஜத்துல 36ல அறுந்தா நீங்க மேல் வகுப்புக்குப் போயிருவீங்க, அதனால அளந்து விக்கற வகுப்பு லைன்தான் வாங்கணும். 20 பவுண்டுக்கு மேல உள்ள லைன்னா இரட்டை லைன் (லீடருக்கு முன்னாடி லைனையே ரெண்டா மடிச்சுக் கட்டறது) 30 அடிக்குள்ள, லீடர் 30 அடிக்குள்ள, ரெண்டும் சேத்து 40 அடிக்குள்ள. மோட்டார் ரீல் ஆகாது. விண்ணப்பத்தோட லீடர், இரட்டை லைன், அதுக்கு அடுத்த 50 அடி லைனும் அனுப்பணும், அதனால மீன் ஏறுன சந்தோஷத்துல வெட்டி எறிஞ்சிடாதீங்க. கடல்ல போட்ல வச்சு எடை போட்டா செல்லாது, கரைல சான்று உள்ள தராசுதான்.

8. லைன் சுத்தறது

நல்ல லைனையும் கெடுக்கற இடம் இதுதான். பிரெய்டை வெறும் ஸ்பூல்ல கட்டுனா மொத்த லைனும் வட்டமா வழுக்கும், டிராக் போயிருச்சுன்னு நெனைச்சு ரீலைத் திருப்பிக் குடுக்க ஓடுன ஆளுங்க உண்டு, அதுல நானும் ஒருத்தன். முதல்ல சில மீட்டர் மோனோ, அது மேல பிரெய்டு. ஈரத்துணியால அழுத்திப் பிடிச்சு, இன்னொருத்தர் கைப்பிடியைச் சுத்த, நல்ல இறுக்கத்துல ஏத்துங்க. முடிஞ்சதும் கட்டைவிரலால ஸ்பூலை அமுக்குங்க, கல்லு மாதிரி இருக்கணும். மெத்துன்னு அமுங்குனா திருப்பி அவுத்து சுத்துங்க, இல்லன்னா மீன் இழுக்கறப்ப மேல் லைன் கீழ் சுத்துக்குள்ள புதைஞ்சு மாட்டிக்கும்.

ஸ்பின்னிங்ல விளிம்புக்கு 2, 3 மி.மீ. கீழ நிறுத்துங்க. கன்வென்ஷனல்ல இன்னும் கொஞ்சம் இடம் விடுங்க, ஏன்னா சண்டைல கட்டைவிரலால சமமா பரப்ப மறந்துடுவோம், ஒரு பக்கம் குமிஞ்சு ஃப்ரேம்ல உரசும்.

9. டிராக்கை அளந்து வைக்கறது

ராடுல லைனைக் கோத்து, ஒரு ஸ்ப்ரிங் தராசை லைன் முனைல மாட்டி, இன்னொருத்தரை மெதுவா சீரா இழுக்கச் சொல்லுங்க. ராடை மீன் பிடிக்கற சாய்வுல வளைச்சுப் பிடிங்க, வளையத்துல உரசற இழுப்பும் கணக்குல வரணும். லைன் நகர ஆரம்பிக்கற கணத்துல முள்ளு எகிறும், அதைப் பாக்காதீங்க, ஓடிக்கிட்டு இருக்கறப்ப நிக்கற அளவுதான் கணக்கு. ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம் இருந்தா வாஷரைப் பாக்கணும்.

லீவர் டிராக்ல ப்ரீசெட் நாபை (ஸ்ட்ரைக்ல எவ்ளோ டிராக் வரணும்னு வைக்கற திருகு) திருப்பறதுக்கு முன்னாடி லீவரை ஃப்ரீக்குக் கொண்டு வாங்க. திருப்பி, ஸ்ட்ரைக்குத் தள்ளி, அளந்து, பத்தலன்னா மறுபடி ஃப்ரீக்கு வந்து திருப்புங்க. ரொம்ப ஏத்திட்டா ஃப்ரீல கூட ஸ்பூல் தானா சுத்தாது, அதுதான் எல்லை.

10. எப்ப எதைச் செய்யறது

டிரிப்புக்கு ஒரு மாசம் முன்னாடி ரீல் கைல இருக்கணும், கோளாறுன்னா மாத்த நேரம் வேணும். ரெண்டு வாரம் முன்னாடி லைன் சுத்தி முடிங்க. முந்தின நாள் லீடரும் டிராக்கும். முடிஞ்சா முதல் டிரிப்ல போட்காரங்க ரீலையே வாடகைக்கு வாங்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, அப்புறமா சொந்தமா வாங்குங்க. சர்வீஸுக்கு சீசன் முடிஞ்சதும் குடுத்துடுங்க, சீசன் தொடங்கறப்ப குடுத்தா வரிசைல நிக்கணும்.

திரும்பி வந்த அன்னைக்கே, எவ்ளோ அசதியா இருந்தாலும், டிராக்கை இறுக்கி மூடிட்டு நல்ல தண்ணியை மெல்லிசா தெளிச்சுக் கழுவுங்க. பிரஷர் பம்ப் வேணாம், அது உப்பை உள்ளதான் தள்ளும், வாளில முக்கவும் வேணாம். துடைச்சு நிழல்ல காய வச்சதும் டிராக்கை முழுசா தளத்திட்டு எடுத்து வைங்க, இறுக்கியே வச்சா வாஷர் அமுங்கி ஒட்டிக்கிட்டு அடுத்த டிரிப்ல முதல் இழுப்புலயே விக்கும்.